ரிச்சி தெருவில் அகர்லாஃப்

செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் பல வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "வேண்டாம். விற்கிறவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. மைனிங்கில் வறுத்தெடுத்த கார்டைத் தலையில் கட்டிவிடுவான்." கேட்பதற்கு அறிவார்ந்த பதிலாக இருக்கும். கூடவே அகர்லாஃப் என்று ஒரு பொருளியலாளர் பெயரையும் போட்டுவிட்டால் எதிராளி வாயைத் திறக்கமாட்டார். அந்தப் பதில் பாதிக்கு மேல் தப்பு என்பதை இந்த வருஷம் அக்கா மகனோடு அலைந்தபோதுதான் உணர்ந்தேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பையன் விஸ்காம் இரண்டாம் வருஷம். சனி ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பதினாலாயிரம் சேர்த்து வைத்திருந்தான். வீட்டில் இருந்தது ஒரு பழைய அசெம்பிள்ட் கம்ப்யூட்டர், நான்காம் தலைமுறை ஐ5. மானிட்டர் அதைவிடப் பழசு, வி.ஜி.ஏ. மட்டும்தான் உண்டு. இதில் ஜி.டி.ஏ. 5 ஓடவேண்டும், கொஞ்சம் ப்ளெண்டரும் பழகவேண்டும் என்பது அவன் ஆசை. என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வீடியோ பார்த்துவிட்டு, விளம்பரம் போட்டிருந்த ஒருவரைத் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சந்தித்து, 6,500 ரூபாய் கொடுத்து ஒரு ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ 4 ஜி.பி. வாங்கி வந்தான். அதில் வி.ஜி.ஏ. சொருகும் இடம் இருந்தது. அவன் மானிட்டருக்கு நேராகப் பொருந்தும், கன்வெர்ட்டர் செலவு மிச்சம் என்று அதையே தேர்ந்தெடுத்திருக்கிறான்.

அங்கேதான் மாட்டினான். 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறையில் அனலாக் வெளியீடு சில்லிலேயே கிடையாது. என்விடியா அதை எடுத்துவிட்டது. கார்டு தயாரிப்பவர் தனியாக ஒரு மாற்றுச் சில்லு வைத்தால்தான் உண்டு, அப்படி வைத்தவர்கள் அபூர்வம். ஆக, 1050 டிஐயில் வி.ஜி.ஏ. இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். பையன் புது டிரைவர் போட்டான், நீலத்திரை வந்தது. மறுபடி போட்டான், மறுபடியும் நீலத்திரை. அதற்குப் பிறகுதான் எனக்கு போன்.

ஜி.பி.யூ.-இசட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து போலி என்விடியா கார்டுகளை அது கண்டுபிடிக்கும். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று ஒட்டி, என்விடியா முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறி போட்டுக் காட்டும். ஓட்டிப் பார்த்தோம், காட்டியது. உள்ளே இருந்தது ஜி.எஃப்.106, அதாவது 2010இல் ஜி.டி.எஸ். 450 கார்டில் வந்த சில்லு. உண்மையான 1050 டிஐயில் 768 ஷேடர்கள் உண்டு. இதில் இருந்தது 192. யாரோ பயாஸை மாற்றி எழுதி, பெயரை மாற்றி, மெமரியைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

விற்ற ஆளுக்கு போன் போட்டோம். எடுத்தார், அது ஆச்சரியம்தான். "ப்ரோ, நான் வாங்குனதே 1050 டிஐன்னுதான் ப்ரோ. என்கிட்ட பாக்ஸ்கூட இருக்கு. நான் ஏத்தல்லாம் இல்ல." குரலைக் கேட்டால் இருபது வயசுகூட இருக்காது. பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் எங்கேயோ ஏமாந்தவர்தான். புது டிரைவர் போடாமல் பழையதிலேயே ஓட்டி, 'கொஞ்சம் ஸ்லோவா இருக்கே' என்று விற்றிருக்கிறார். பணம் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் அகர்லாஃபுக்குப் போகவேண்டும்.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு வெளியானது. அதற்காகத்தான் 2001இல் நோபல் பரிசு, ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு பகிர்ந்து. கட்டுரைத் தலைப்பில் 'லெமன்' என்று வரும். அமெரிக்காவில் அடிக்கடி மக்கர் பண்ணும் காரை அப்படிச் சொல்வார்களாம், நம்மூரில் டப்பா வண்டி என்கிற மாதிரி. வாதம் எளிமையானது. பழைய காரை விற்கிறவருக்கு அது நல்லதா டப்பாவா என்று தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாக் காருக்கும் ஒரு சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனசு வராமல் விலகிக்கொள்வார். சந்தையில் டப்பாக்கள் அதிகமாகும், சராசரி விலை இன்னும் இறங்கும், அடுத்த கட்ட நல்ல கார்களும் விலகும். கடைசியில் சந்தையே படுத்துவிடலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தக் கட்டுரையில் இந்தியா நிறைய வருகிறது. 1967-68இல் அகர்லாஃப் தில்லியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு வருஷம் இருந்தவர். கட்டுரையின் பின்பாதியில் நம் வட்டிக்கடைக்காரர்கள் வருகிறார்கள். கடைவீதியில் அரிசி வாங்கி, அதே நிறத்தில் அதே வடிவில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்குகிற இந்தியப் பெண்ணும் வருகிறார். எனக்கு எப்போதும் பிடித்த இடம் அது. முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கியதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றும்.

ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்தக் கோட்பாட்டை அப்படியே பொருத்தும்போது ஒரு முக்கியமான நிபந்தனையை எல்லோரும் விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன். விற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அகர்லாஃபே சொல்கிறார்: புதுக் கார் வாங்கும்போது யாருக்கும் தெரியாது, கொஞ்ச காலம் ஓட்டிய பிறகுதான் உரிமையாளருக்குப் பிடிபடுகிறது. அந்த அறிவு ஓட்டியதால் வந்த அறிவு.

ரிச்சி தெருவில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கும் ஆர்.எக்ஸ். 580ஐ அந்தக் கடைக்காரர் எத்தனை நாள் ஓட்டியிருப்பார்? ஒரு நாள்கூட இல்லை. அது எங்கோ ஒரு மைனிங் கூடத்தில் இருந்து, மொத்த வியாபாரி ஒருவரிடம் போய், நூறு இருநூறு கார்டாகக் கட்டி வந்து, கைமாறிக் கைமாறி இங்கே நாலு நாளாக உட்கார்ந்திருக்கும் சரக்கு. அதன் பழைய வாழ்க்கை இவருக்கும் தெரியாது, இவருக்கு விற்றவருக்கும் தெரியாது. "மைனிங் கார்டா அண்ணா?" என்று கேட்டால் "சேச்சே, ஒன் ஹேண்ட் யூஸ்டு தம்பி" என்று பதில் வரும். அதைப் பொய் என்றுகூடச் சொல்லமுடியாது. பொய் சொல்லவாவது உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சந்தையில் ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது குறைவு. பெரும்பாலும் இரண்டு பேருக்குமே தெரியாது. இரண்டு பேருக்கும் தெரியாத இடத்தில் தீர்வு நம்பிக்கை அல்ல, சோதனை. ஓட்டிப் பார்ப்பது. காரை ஒரு வருஷம் ஓட்டினால்தான் தெரியும் என்றால், கார்டை அரைமணி நேரம் ஓட்டினாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். அகர்லாஃபின் சந்தைக்கும் நரசிங்கபுரம் தெருவின் சந்தைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மைனிங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோக்கள் எல்லாம் பயமுறுத்துவது அதைக் காட்டித்தான். ஈதீரியம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மைனிங் முறையைக் கைவிட்டது. ஒரே நாளில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கார்டுகளுக்கு வேலை போனது. அதற்கு முன்பே ஓர் அலை உண்டு: ஈதீரியம் மைனிங்குக்கு மெமரியில் வைத்திருக்கவேண்டிய தரவுக்கோப்பு 2020 டிசம்பர் கடைசியில் 4 ஜி.பி.யைத் தாண்டியது; 4 ஜி.பி. ஆர்.எக்ஸ். 570, 580 எல்லாம் அந்த வேலைக்கு உதவாமல் போயின. இன்று நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் கார்டுகளில் கணிசமானவை இந்த இரண்டு அலையில் ஒதுங்கியவைதான். ஆகவே 'மைனிங் கார்டா இல்லையா' என்ற கேள்விக்கு, மைனிங் கார்டு என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்கவேண்டியது, மைனிங் அந்தக் கார்டை என்ன செய்திருக்கும் என்பது.

மைனிங் செய்தவருக்குக் கரன்ட் பில் எதிரி. அதனால் சில்லின் வோல்டேஜைக் குறைத்து, வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார். சில்லு நாள் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும். கேம் ஆடுகிறவர் வீட்டிலோ ஒரு நாளில் நாலு தடவை 35 டிகிரியிலிருந்து 80க்கு ஏறி இறங்கும். ஈயப்பற்றுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் கெடுதல். சில்லைப் பொறுத்தவரை மைனிங் அப்படியொன்றும் கொடுமை இல்லை. அடி வாங்குவது இரண்டு இடம். ஒன்று மெமரி: ஈதீரியம் மைனிங் மெமரியைப் பிழிகிற வேலை. ஆர்.டி.எக்ஸ். 3080, 3090 மாதிரி ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் கார்டுகளில் மெமரி 110 டிகிரி வரை போனதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவது ஃபேன். இரவு பகலாகச் சுற்றிய ஃபேன் தேயாமல் இருக்காது. ஆனால் ஃபேன் முன்னூறு நானூறு ரூபாய் சமாச்சாரம், பேஸ்ட்டும் பேடும் இன்னொரு இருநூறு.

மைனிங்காரர்கள் செய்யும் இன்னொரு வேலை பயாஸ் மாற்றுவது. ஆர்.எக்ஸ். 570, 580இல் மெமரி நேரக்கணக்கை மாற்றி எழுதுவார்கள். அப்படி எழுதிய கார்டை நம் விண்டோஸில் போட்டால் டிரைவர் ஏற மறுக்கும், 'கோட் 43' என்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டு 'கார்டு டெட்' என்று பாதி விலைக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. பழைய பயாஸைத் திரும்ப ஏற்றினால் பத்து நிமிஷத்தில் எழுந்து உட்காரும். இந்த இடத்தில் விற்கிறவரைவிட வாங்குகிறவருக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அகர்லாஃப் தலைகீழாகிறார்.

போலிக் கார்டைப் பற்றி நமக்குக் கோபம் வருகிறது, நியாயம்தான். ஆனால் அதைவிடச் சாமர்த்தியமான குழப்பத்தைத் தயாரிப்பு நிறுவனங்களே அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்றிருக்கின்றன. ஜி.டி.எக்ஸ். 1060 என்று இரண்டு உண்டு, 6 ஜி.பி., 3 ஜி.பி. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று யாரும் நினைப்பார்கள். இல்லை, 6 ஜி.பி.யில் 1,280 ஷேடர், 3 ஜி.பி.யில் 1,152. ஜி.டி. 1030இல் ஒரு கட்டத்தில் ஜி.டி.டி.ஆர்.5க்குப் பதில் சாதா டி.டி.ஆர்.4 போட்டார்கள், பெயர் அதே. மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580இல் 2,304 ஷேடர். 2018இல் சீனச் சந்தைக்கு என்று 'ஆர்.எக்ஸ். 580 2048எஸ்.பி.' ஒன்று வந்தது. பெயரிலேயே எண் இருக்கிறது, மறைக்கவில்லை என்பார்கள். உண்மையில் அது கொஞ்சம் வேகம் கூட்டிய 570. அந்த நாலெழுத்து வால் கைமாறும்போது உதிர்ந்துவிடும், மிஞ்சுவது 580 என்ற பெயர் மட்டும். பெயரைத் தொழிற்சாலையிலேயே கலக்கிவிட்டுத் தெருவில் நிற்கிறவனைத் திருடன் என்றால் எப்படி? அரிசியில் கல் மில்லிலேயே விழுந்திருக்கிறது.

சரி, சோதனைதான் தீர்வு, அதுவும் அரைமணி நேரச் சோதனை என்றால், ஏன் எல்லோரும் செய்வதில்லை? இதற்குப் பதில் எனக்குப் பொருளியலில் கிடைக்கவில்லை. அக்கா மகன் சொன்னான்.

"கேக்கணும்னுதான் மாமா இருந்துச்சு. ஸ்டேஷன்ல எங்க போட்டுப் பாக்கறது? சரி, வீட்டுக்கு வரேன்னு சொல்லலாம்னா அவர் என்ன நினைப்பாரோன்னு இருந்துச்சு. கடையில வாங்கலாம்னுதான் முதல்ல ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நாலு கடை ஏறி இறங்குனேன். 'போட்டுக் காட்டுங்கண்ணா'ன்னு கேட்டா, 'வாங்கறதா இருந்தா சொல்லு தம்பி, சும்மா டைம் வேஸ்ட் பண்ணாத'ங்கறாங்க. பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க. வந்துட்டேன்."

வீடியோக்களை இதற்குப் பிறகு நானும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சோதனைப் பட்டியல் இருக்கிறது, ஒன்றில்கூட இது இல்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து 'கட்டாயம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்' என்று சொல்வது சுலபம். பத்தொன்பது வயதுப் பையன், கையில் கேட்டரிங் காசு, கூட்டம் நெரியும் கவுன்டர், எதிரே எரிச்சலோடு ஒருவர். அங்கே 'நிறுத்துங்க, நான் அரைமணி நேரம் இதை ஓட்டிப் பார்க்கணும்' என்று சொல்வதற்குத் தேவைப்படுவது தொழில்நுட்ப அறிவு அல்ல, வேறொன்று. நரைத்த தலையும் இன் பண்ணிய சட்டையுமாக நான் போய் நின்றால் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலி போடுகிறார்கள். சோதனைக்கு ஒரு விலை இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. வசதியில்லாதவனுக்குத்தான் அதிகம்.

போனோம், அடுத்த சனிக்கிழமை. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். ஒரு மாடிக்கடையில் மேஜைமேல் மதர்போர்டைத் திறந்தபடி வைத்து, எந்தக் கார்டைக் கேட்டாலும் அதில் சொருகிக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். இந்த மாதிரிக் கடையைத் தேடித்தான் போகவேண்டும். டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள். பில் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.

பையனைத்தான் பேசச் சொன்னேன், நான் பின்னால் நின்றேன். முதலில் ஆர்.எக்ஸ். 580 8 ஜி.பி., 6,000 சொன்னார். பையன் பென்டிரைவிலிருந்து ஜி.பி.யூ.-இசட்டைத் திறந்தான். ஷேடர் 2,048. "அண்ணா, இது 2048எஸ்.பி., ஒரிஜினல் 580 இல்லண்ணா" என்றான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்படியா? எட்டு ஜி.பி. இருக்கே தம்பி." அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பையன் காட்டிக் கொடுத்தான். அலமாரியில் இருந்த மற்ற இரண்டு 580ஐயும் எடுத்துப் போட்டுப் பாருங்கள் என்று அவரே கொடுத்தார். ஒன்று ஒரிஜினல், ஒன்று மறுபடியும் 2048. ஒட்டியிருந்த விலைச் சீட்டில் அவர் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டார். அன்று அந்தக் கடைக்கு ஒரு தகவல் இலவசமாகக் கிடைத்தது. எங்களுக்கு டீ வந்தது.

ஒரிஜினல் 580ஐ ஓட்டினோம். ஃபர்மார்க்கில் பதினைந்து நிமிஷம், பிறகு ஓ.சி.சி.டி.யில் மெமரி சோதனை. சில்லின் சராசரிச் சூட்டுக்கும் அதன் மிகச் சூடான புள்ளிக்கும் முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு, ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டு அந்த இரண்டாவது எண்ணைக் காட்டாது. ஆகவே சூடு எங்கே நிற்கிறது, ஃபேன் எவ்வளவு கத்துகிறது என்பதைத்தான் பார்த்தோம். 74 டிகிரியில் நின்றது. மெமரியில் ஒரு பிழை இல்லை, திரையில் ஒரு புள்ளி இல்லை. மனதுக்குள் எனக்கு ஒரே பெருமிதம். "5,500க்கு முடிச்சுக்கோடா" என்றேன்.

பையன் தயங்கினான். "மாமா, இதுல ப்ளெண்டர் ரெண்டர் ஓடுமா?"

ஓடாது. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. 2021 டிசம்பரில் வந்த ப்ளெண்டர் 3.0இல் ஓப்பன் சி.எல். ஆதரவை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சைக்கிள்ஸ் ரெண்டரிங் ஏ.எம்.டி.யில் ஓடவேண்டுமென்றால் புதுத் தலைமுறை வேண்டும். 580 சேர்த்தி இல்லை. எல்லாச் சோதனையிலும் தேறிய, விலையும் படிந்த, ஒரு குறையும் இல்லாத கார்டு. அவனுக்கு அது உதவாது. கேமுக்கு மட்டும் என்றால் நான் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

என் பழைய பதிலில் இருந்த அடுத்த ஓட்டை இது. அகர்லாஃப் நல்ல கார், டப்பாக் கார் என்று பிரிக்கிறார். கோட்பாட்டுக்கு அந்தப் பிரிவு போதும். ஆனால் கார்டின் நல்லது கெட்டது கார்டில் மட்டும் இல்லை. ஆர்.எக்ஸ். 570 கேமில் ஜி.டி.எக்ஸ். 1650ஐவிட வேகம் என்று 2019இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆனாலும் 1650க்கு இன்னும் மவுசு குறையவில்லை. காரணம், அது 75 வாட் கார்டு, தனியாகப் பவர் வயர் வேண்டாத வகையும் அதில் உண்டு. சின்ன எஸ்.எம்.பி.எஸ். உள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகிவிடலாம். 185 வாட் கேட்கும் 580ஐ அதில் போட்டால் கம்ப்யூட்டரே அணைந்து போகும். மெதுவான கார்டு விலை போவது முட்டாள்தனம் அல்ல.

காலமும் ஒரு பக்கம் அரிக்கிறது. பாஸ்கல் கார்டுகளுக்கு, அதாவது 1050 டிஐ, 1060, 1070 எல்லாவற்றுக்கும், கேம் டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. இது எதுவும் ஃபர்மார்க்கில் தெரியாது. தெரிந்தவர்கள் இந்தக் கார்டுகளை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் அவை மலிவு. மீதி வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

அகர்லாஃபை முழுக்கத் தள்ளவும் முடியாது. ஒரு வகைக் கார்டில் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது: ஹாட் ஏர் காட்டி உயிர் கொடுத்த கார்டு. ஈயப்பற்று விட்டுப்போன செத்த கார்டைச் சூடுகாட்டினால் கொஞ்ச நாள் ஓடும். பதினைந்து நாளா, மூன்று மாதமா, யாருக்கும் தெரியாது. ஆனால் சூடுகாட்டியவருக்கு என்ன செய்தோம் என்று தெரியும். எந்தச் சோதனையிலும் அது தேறிவிடும், ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டியையும் தாண்டிவிடும். சில்லைச் சுற்றி ஃப்ளக்ஸ் கறை, தேய்ந்த திருகாணித் தலை, பேக்பிளேட் இல்லாத இடத்தில் வளைந்த போர்டு, இவற்றைத்தான் டார்ச் அடித்துப் பார்க்கமுடியும். சுத்தமாகத் துடைத்துவிட்டால் அதுவும் இல்லை. இங்கே மட்டும் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும், அல்லது முதல் உரிமையாளரிடம், பழைய பில்லோடு வாங்கவேண்டும்.

கடைசியில் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் ஒன்று எடுத்தோம். 2019 அக்டோபர் மாடல், 6 ஜி.பி., 1,408 ஷேடர், 125 வாட். என்விடியாவின் டூரிங் தலைமுறை, ரே டிரேசிங் வன்பொருள் இல்லை; ஆனால் டிரைவர் வருகிறது, ப்ளெண்டரில் கூடா ஓடும். 8,500 சொன்னதை 8,200க்குக் கொடுத்தார். பையனிடம் இருந்தது 7,500. மீதி எழுநூறும் புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் என் கணக்கு. அவன் கேபினட்டில் '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் காற்றுப்போல லேசாக ஒன்று இருந்தது, அதில் இந்தக் கார்டை மாட்ட எனக்கு மனசு வரவில்லை. ஹெச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர் 250. முதலிலேயே இதை வாங்கியிருக்கலாம் என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

இரண்டாவது வாரம் இடது பக்க ஃபேன் கரகரக்க ஆரம்பித்தது. அந்தக் கடைக்கே எடுத்துப் போனான், இந்தத் தடவை தனியாக. ஃபேன் காசு 350 மட்டும் வாங்கிக்கொண்டு அவரே மாற்றிக் கொடுத்தாராம். போலி 1050 டிஐ அவன் மேஜைமேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. 6,500 ரூபாய் போனது அக்காவுக்கு இன்னும் தெரியாது.